வள்ளியம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிய நாள்

சொல்ல ஆரம்பிக்கும்போதே வாயெல்லாம் கசக்கிறது. ஆனாலும் நான்தான் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அந்தக் கதவைப் பூட்டிய கை இந்தக் கைதான்.

என் பெயர் ரெமிஜியஸ். வீடு பெங்களூர் லிங்கராஜபுரத்தில். அதே ஊரில் ஒரு தனியார் கல்லூரியின் ஜப்பானிய மொழித் துறையில் ஆபீஸ் அசிஸ்டென்ட். அங்கே மூன்று வருடப் பட்டப்படிப்பு உண்டு. மொழியோடு அந்த நாட்டுப் பழக்கவழக்கங்களும் பாடம். குனிந்து வணங்குவது எப்படி, செருப்பை எங்கே கழற்றுவது, எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு.

வள்ளியம்மா எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கிறவர். அல்சூர்க்காரர். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம். ஒரே மகள் ரக்ஷிதா. அவள் பியூசி, அதாவது நம்மூர் பிளஸ் டூ, முடித்த வருடம், வள்ளியம்மா துடைப்பத்தோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், இந்த ஜப்பான் கிளாஸ்ல குப்பையே கம்மியாத்தான் விழுது. புள்ளைங்க கம்மின்னுதானே அர்த்தம்? நம்ம ரக்ஷிதாவுக்கு ஒரு சீட்டு கிடைக்குமா?"

குப்பையை வைத்து அட்மிஷன் நிலவரம் கண்டுபிடித்த மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சீட்டு கிடைத்தது. கிடைத்த அன்றே மகளிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "காலேஜுக்குள்ள என்னை அம்மான்னு கூப்பிடாதடி." அவள் அழுதாள், பிறகு பழகிக்கொண்டாள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் ஜப்பானிய எழுத்தாக எழுதித் தள்ளினாள். இரண்டாம் வருடம் வகுப்பில் முதலிடம். இன்னார் மகள் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன ஜனவரியில் ஜப்பானிலிருந்து ஒரு வயதான பேராசிரியர் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் மாணவர்களில் ஒருவரை அவருடைய பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருடம் அழைத்துக்கொள்வார்கள், செலவெல்லாம் அவர்களுடையது. ஒரே ஒரு இடம். ரக்ஷிதா அதற்காக ராப்பகலாய் உயிரைக் கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் துறைத் தலைவி சுனிதா மேடத்துக்கு அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பைத் தாங்களே சுத்தம் செய்வார்களாம். கழிப்பறையையும்தான். "நாமளும் அதையே ஃபாலோ பண்றோம்னு காட்டணும் ரெமிஜியஸ்."

காட்டுவதற்கு என்ன செய்தோம் தெரியுமா? முதல் நாள் வள்ளியம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் மாடி முழுவதையும் கண்ணாடியாகத் துடைத்தார்கள். மறுநாள் காலை மேடம் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஐயோ, ரொம்ப க்ளீனா இருக்கே! பசங்க எதைப் பெருக்குவாங்க? ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், பேப்பர் கிழிச்சுப் போடுங்க."

கிழித்தேன். பழைய வருகைப் பட்டியலைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து, நானே தூவினேன். ச்சீ!

அடுத்த உத்தரவு வந்தது. "ஹவுஸ்கீப்பிங் யாரும் கண்ணுல படக் கூடாது. ஸ்டோர் ரூம்ல உட்கார வைங்க. வெளியில பூட்டிடுங்க, நடுவுல யாராவது வெளிய வந்துடப் போறாங்க."

அந்த ஸ்டோர் ரூம் கழிப்பறையை ஒட்டிய பொந்து. ஆசிட் பாட்டில், ஈரத் துணி, ஃபேன் கிடையாது. நான்கு பெண்களும் கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்தார்கள். வள்ளியம்மா சிரித்தபடி, "பூட்டுங்க சார், பரவால்ல. பொண்ணுக்கு நல்லது நடந்தா போதும்" என்றார். பதினொரு மணிக்குப் பூட்டினேன்.

பேராசிரியர் வந்தார். மாணவர்கள் வரிசையாய் நின்று துடைப்பம் பிடித்தார்கள். சுஹாஸ் என்று ஒரு பையன், தரைத் துணியால் முதலில் கரும்பலகையைத் துடைத்தான், அதே துணியால் மேசையைத் துடைத்தான். பிறந்ததிலிருந்து வாளியைத் தொட்டவனில்லை. போட்டோ எடுத்த பெண் "சூப்பர், சூப்பர்" என்றாள். 

எல்லாம் முடிந்து பேராசிரியர் கை கழுவப் போனார். ரக்ஷிதாதான் அவரோடு பேசிக்கொண்டே போக வேண்டும் என்று ஏற்பாடு. பின்னால் மேடம், அவருக்குப் பின்னால் நான். கழிப்பறை வாசலில், அந்தப் பூட்டிய கதவுக்கு ஒரு முழம் தள்ளி, அவர் நின்று தன் மொழியில் ஏதோ கேட்டார். ரக்ஷிதா கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மேடம் தொண்டையைக் கனைத்தார்.

பிறகு அவள் பேசினாள். கோர்வையாக, ஒரு நிமிடத்துக்கு மேல், தடுமாறாமல். அந்த மனிதர் சந்தோஷமாகி அவளுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

கதவைத் திறந்தபோது மணி ஒன்றரை. நால்வரும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். வள்ளியம்மா நேரே குழாய்க்குப் போய் முகம் கழுவினார்.

பத்து நாளில் முடிவு வந்தது. ரக்ஷிதாவுக்குத்தான் இடம். படிவத்தில் கையெழுத்துப் போட என் மேசைக்கு வந்தவள், பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"அன்னைக்கு அவர் என்ன கேட்டாரு தெரியுமா சார்? இந்த டாய்லெட்டை தினம் யாரு கழுவுறாங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நாங்கதான்னு சொன்னேன். இங்க வேலையாளுங்களே கிடையாதுன்னு சொன்னேன். முறை போட்டுக் கழுவுறோம்னு சொன்னேன். வாய் கூசாம சொன்னேன் சார்." உதட்டைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "என்னை நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு. ஆனா வேணாம்னு சொல்ல மனசு வரல."

கையெழுத்துப் போட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? சாவி வைத்திருந்தவனே வாயைப் பொத்திக்கொண்டு நின்றவன்.

மறுநாள் வள்ளியம்மா மைசூர்பாக் பெட்டியோடு மாடி முழுவதும் சுற்றினார். சுனிதா மேடம் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "உங்க பொண்ணு நம்ம டிபார்ட்மென்ட்டுக்கே பெருமை" என்றார். கடைசியாக வள்ளியம்மா என்னிடம் வந்தார்.

"சார், அன்னைக்கு உள்ள இருந்து கேட்டேன். அவ அந்த பாஷை பேசி நான் கேட்டதே இல்ல. என்னமா பேசுறா! கூட இருந்தவளுங்ககிட்ட, 'ஏய் சும்மா இருங்கடி, என் பொண்ணு பேசுறா'ன்னு சொல்லி, கதவுல காதை வெச்சுக்கிட்டு நின்னேன். அப்படி என்னதான் சார் சொன்னா?"

மைசூர்பாக்கை மேசை மேல் வைத்தேன்.

"காலேஜ் ரொம்பச் சுத்தமா இருக்குன்னு சொன்னா."

வள்ளியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்! பேரு சொல்லலேன்னாலும் என்னைப் பத்திதான் சொல்லியிருக்கா."