நொறுங்கிய தட்டிலிருந்து வந்த படங்கள்

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள்தான் நானும். கும்மிடிப்பூண்டியில் லாப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், செத்துப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுப்பதும் உண்டு, எது முடியும் எது முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் அமலா என்ற பெண் துணிப்பையில் ஒரு லாப்டாப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் அக்கா ஸ்டெல்லாவுடையது. ஸ்டெல்லாவை அவள் புருஷன் மோசஸ் இரும்புக் கம்பியால் அடித்தே கொன்றான், அப்புறமும் ஆத்திரம் அடங்காமல் லாப்டாப்பையும் அடித்தான். இப்போது ஜாமீனில் திரிகிறான்.

"அக்கா ஃபோட்டோ ஒண்ணுகூட இல்லண்ணா, அல்லாத்தையும் கொளுத்திட்டான். அக்கா பொண்ணு ஜெனி எங்கூடதான் கீது. அம்மா மொகத்தக் காட்டுன்னு தெனிக்கும் அழுவுது. இதுலதான் அத்தினியும் இருக்குது."

டிஸ்க்கைக் கழற்றி அசைத்தேன், சலசலவென்றது. திறந்தால், தகவல் பதிகிற கண்ணாடித் தட்டு தூள்தூளாகக் கிடந்தது. "இதுல ஒண்ணும் வராதும்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பின்னாலேயே வந்திருந்த மோசஸ் கம்பியோடு உள்ளே வந்தான்.

"டேய், இன்னாடா நோண்டிக்கினு கீற? குடுறா அத்த!"

தடுக்கக் கை நீட்டினேன், ஒரே அடி, மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அமலாவின் முடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான், கீபோர்டு முழுக்க ரத்தம். அப்போதுதான், சத்தியமாகச் சொல்கிறேன், என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெண் முகம் வந்தது.

"அக்கா!" என்று அலறினாள் அமலா.

டிஸ்க் தூளாக டப்பாவில் கிடக்கிறது, எதிலும் சொருகவில்லை. கடற்கரையில் ஸ்டெல்லா, பிறந்தநாள் கேக்கோடு ஸ்டெல்லா, மடியில் குழந்தை, படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மோசஸ் திரையை உடைத்தான். பக்கத்தில் ரிப்பேருக்கு வந்திருந்த லாப்டாப்பில் வந்தாள். அதையும் உடைத்தான். அடுத்ததில் வந்தாள்.

"செத்துட்டல்லடி! செத்துட்டல்ல!"

ஓங்கிய கம்பி மேலேயே நின்றுவிட்டது, யாரோ பிடித்துக்கொண்டது போல. இரண்டு கையாலும் இழுக்கிறான், வரவில்லை. பிறகு அவன் முகத்திலேயே இறங்கியது, திரும்பத் திரும்ப, பல் தெறித்து, தாடை தொங்குகிற வரைக்கும். அடித்தது அவன் கைதான். "வுட்டுடு ஸ்டெல்லா" என்று கெஞ்சியதும் அவன்தான்.

உயிர் பிழைத்தான், பேச்சு போய்விட்டது. போதையில் தானே அடித்துக்கொண்டான் என்று போலீஸில் முடித்துவிட்டார்கள்.

உடையாமல் மிஞ்சிய லாப்டாப்பில் அத்தனை படங்களும் இருந்தன. கைக்கட்டோடு அவற்றை பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். கடைசிப் படத்தில் ஜெனி தூங்குகிறாள், அமலா வீட்டுப் பாயில், ஸ்டெல்லா செத்த பிறகு அமலா வாங்கிக்கொடுத்த நீல கவுனில். நெற்றியில் ஒரு பெண்ணின் கை. விரல்களெல்லாம் ஒடிந்து பின்பக்கமாக வளைந்திருந்தன.

அமலா திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா கையிண்ணா. அடிய தடுக்கசொல்லோ ஒடஞ்சிது. சவப்பொட்டியில வெக்கசொல்லோவும் இப்டியேதான் இருந்துச்சு."