மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கையெழுத்து

அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லாரும் நோயாளியை நோக்கி ஓடுவார்கள். நான் மட்டும் நோயாளியோடு வந்தவரை நோக்கி ஓடுவேன். பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை எனக்கு. தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு வழக்கமான சிகிச்சை எல்லாம் நடக்கும். கூடுதலாக ஓர் ஊசி: பாதிப் பேருக்கு ரத்தக்கசிவைக் குறைக்குமா என்று பார்க்கும் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் உறவினர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். அழுகிறவர் முன்னால் பேனாவை நீட்டியவர் நீங்களும் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

புரிஞ்சுதா?

செல்வி பொம்மனஹள்ளியில் தையல் கம்பெனியில் வேலை செய்பவர். கணவர் பைக்கோடு ஓசூர் ரோட்டில் விழுந்திருந்தார். செல்வியின் மடியில் அவருடைய ஒற்றைச் செருப்பு. மருந்தா உப்பு நீரா என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும், டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று விளக்கினேன். ஒவ்வொரு வரிக்கும் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டும், அது விதி.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என்னை மட்டும் எதுக்கு மேடம் புரிஞ்சுதா புரிஞ்சுதான்னு கேக்கறீங்க?"

ஒன்பதாம் பக்கம்

மல்லேஸ்வரத்துக்காரர், அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மார்க்கெட் படியில் சறுக்கி விழுந்து, பின்மண்டையில் அடி. என்னிடம் மீதி இருந்தது இருபத்தைந்து நிமிடம். படிவமோ பதினொரு பக்கம். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். அவசரப்படுத்தக் கூடாது. கடிகாரத்தைப் பார்ப்பது அவருக்குத் தெரியவும் கூடாது. ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"டைம் ஆயித்து மேடம்" என்று நர்ஸ் கன்னடத்தில் குரல் கொடுத்தார். நேரம் முடிந்துவிட்டது. ஆய்வில் சேர்க்காமல் அந்த அம்மாவுக்கு வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. பிறகு நல்லபடியாக வீட்டுக்கும் போனார். அந்த நிமிடம் அது யாருக்குத் தெரியும்? படிவத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டியபோது அந்தப் பெரியவர் சொன்னார்: "மரணம்னு ஒரு வார்த்தை இருக்கும்மா இதுல. அதைத் தாண்டிப் போக முடியல."

தம்பி போட்டது

முருகேசன், வைட்ஃபீல்டில் ஐ.டி. கம்பெனி வேன் ஓட்டுகிறவர். நினைவில்லாமல் வந்தபோது தம்பி கையெழுத்துப் போட்டிருந்தார். நாலாம் நாள் முருகேசனுக்குத் தெளிவு வந்தது. இனி அவருடைய சம்மதத்தையே நான் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அவரை ஆய்விலிருந்து விடுவிக்க வேண்டும். திட்டுவாரோ என்று பயந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன்.

படிவத்தை வாங்கித் தம்பியின் கையெழுத்தைத் தேடிப் பார்த்தார். அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருஷமாம். தம்பி கதவுக்கு வெளியே நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. முருகேசன் தம்பியின் கையெழுத்துக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார். "என் தலையெழுத்துக்குக் கையெழுத்துப் போட இவன்தான் கெடச்சானா? சரி, சாப்ட்டானான்னு கேளுங்க மேடம்."

இருபத்தெட்டாம் நாள்

ஆய்வில் சேர்ந்த இருபத்தெட்டாம் நாள் வீட்டுக்குப் போன் செய்து, நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். எந்த எண்ணை அழுத்தினாலும் மறுமுனையில் குரல் வரும்வரை எந்தக் கட்டத்திலும் பேனாவை வைக்க மாட்டேன். ஸ்டெல்லா அம்மாவின் கணவர் மட்டும் விதிவிலக்கு. தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனவர். அந்தத் தைரியத்தில், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே 'வீட்டில் நலம்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன்.

போனை எடுத்தது ஸ்டெல்லா அம்மா. கணவர் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, வீட்டருகே ஒரு ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். டிக்கைக் கோடு போட்டு அடித்து, விதிப்படி பக்கத்தில் தேதியும் என் கையெழுத்தும் போட்டேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடும்போது அந்த அம்மாவே பேசினார். "அவர் போய் ஒன்பது நாள் ஆச்சும்மா. எப்படி இருக்காருன்னு கேட்டு ஒரு போனாவது வந்துச்சே."

இந்த வேலையின் பக்கவிளைவுகளை விளக்கி என்னிடம் மட்டும் இதுவரை யாரும் கையெழுத்து வாங்கவில்லை.