இறங்காத குழாய்

பிள்ளைகளே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் நான் மீன்பிடிப்பவன். என் சிறு படகில், இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீரும் புகையும் ஒரே ரப்பர் குழாய் வழியாகப் பின்பக்கம் வெளியேறும். வலை வைக்க இடம் வேண்டுமென்று என் மைத்துனன் அந்தக் குழாயைத் தாழ்வாக, நேராகப் போட்டுவிட்டான்.

ஒருநாள் முகத்துவாரத்தில் இன்ஜினை நிறுத்தி வலை இழுத்தோம். பின்னால் வந்த அலை குழாய்க்குள் புகுந்து இன்ஜினுக்குள் ஏறிவிட்டது. அப்புறம் அது கிளம்பவே இல்லை. அலை எங்களை மணல்திட்டை நோக்கித் தள்ளியது. துடுப்பு வலித்தே உயிர் பிழைத்தோம்.

மறுநாளே, அலை ஏறி உள்ளே வராதபடி குழாயின் நடுப்பகுதியை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, வளைத்துக் கட்டினேன்.

"என்ன அத்தான், படகுக்குத் திமில் முளைச்சிருக்கு? வலையை எங்கன வைக்க?" என்றான் மைத்துனன். கரையே சிரித்தது.

"உன் தலையில வையிலே! குழாய் இறங்காது."

இப்போது சின்ன வலைதான் கொண்டுபோகிறேன். குழாயை இறக்கச் சொல்பவர்கள் வேறு படகில் ஏறிக்கொள்ளட்டும்.