தண்ணீர் வேண்டாம் என்றவர்

முன்பின் தெரியாதவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் அந்த வயதில் நான் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைத்தான் பார்ப்பேன். மாறுவேடம் போடுகிறவன் தொப்பியை மாற்றுவான், கண்ணாடியை மாற்றுவான், செருப்பை மட்டும் மறந்துவிடுவான். இந்த ஞானத்தை எனக்குக் கொடுத்தது தினமும் மத்தியானம் டிவியில் வந்த ஒரு கார்ட்டூன். அதில் கண்ணாடி போட்ட ஒரு கீரிப்பிள்ளை துப்பறியும். அதனிடம் மாட்டிக்கொள்வதற்கென்றே ஒரு நரி இருந்தது. இரண்டும் பேசுகிற தமிழைக் கோவில்பட்டியில் நான் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. ஆனாலும் அவை சொல்வதுதான் எனக்கு வேதம்.

கதை என்று அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. நரி ஒட்டுமீசையோடு, வாயெல்லாம் பல்லாக யார் வீட்டுக்காவது வரும். பெரியவர்கள் உடனே நம்பி நாற்காலி எடுத்துப் போடுவார்கள். கீரிப்பிள்ளை மட்டும் சந்தேகப்படும், அது சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். முதல் வேடம் பலிக்காவிட்டால் நரி இரண்டாவது வேடத்தில் வரும். அப்போதும் பெரியவர்கள் நம்புவார்கள். கடைசியில் தும்மலோ தண்ணீரோ பட்டு மீசை கழன்று விழும். "மறுபடியும் வருவேன்" என்று கத்திக்கொண்டே நரி ஓடும். மறுநாள் எதுவுமே நடக்காத மாதிரி எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

என்னோடு உட்கார்ந்து இதைப் பார்த்தது அத்தை. அப்பாவின் தங்கை. பார்த்தது என்று சொல்வதைவிடக் கேட்டது என்று சொல்ல வேண்டும். டிவிக்குப் பக்கத்தில்தான் அத்தையின் தையல் மிஷின். புதியம்புத்தூரிலிருந்து வெட்டின துணி கட்டுக் கட்டாக வரும். பள்ளிக்கூடப் பையன்களின் காக்கி டவுசர். அதைத் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "அந்த ஐஸ்காரன்தாம்ட்டி நரி" என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், கேட்காமலே ஒருத்தன் ஐஸ் குடுப்பானா என்பாள். இந்த விஷயத்தில் அத்தை எனக்குக் குரு இல்லை, கூட்டாளி. வீட்டில் என் சந்தேகங்களைக் கேட்கப் பொறுமை இருந்த ஒரே ஆள் அவள்தான்.

அந்தக் கோடை விடுமுறையில் வீட்டில் எல்லாருமே சந்தேகத்துக்குரியவர்களாக மாறினார்கள். அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினார். அம்மா என்னைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். பெரியப்பா, அப்பாவின் அண்ணன், விளாத்திகுளத்திலிருந்து அடிக்கடி வந்தார், வரும்போதெல்லாம் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிவந்தார். அதற்கு முன்னால் அவர் வாங்கிவந்து நான் பார்த்ததே இல்லை. கேட்காமலே மிட்டாய் கொடுக்கிறவரை என்னவென்று நினைப்பது?

அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கு இருபத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தது. முன்பு வந்த இரண்டு இடங்களும், ஊரெல்லாம் சொல்லிப் பெண் பார்த்துப் போன பிறகு தட்டிப்போயிருந்தன. மூன்றாவது முறையும் அப்படி ஆனால் பெண்ணைத்தான் குறை பேசுவார்கள் என்று பெரியப்பா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேறு ஏதோ வேலையாக வருகிற மாதிரி வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடித்திருந்தால் அதன் பிறகு முறையாக வருவார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பெண்ணிடம் சொல்ல மாட்டார்கள். அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் எந்த நாளும் இருந்ததில்லை. அப்பாவைப் பொறுத்தவரை, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துவிட்டால் முடிந்தது.

அப்படித்தான் ஒரு நாள் நல்ல வெயிலில் ஓர் அம்மாளும் ஒரு ஆளும் வந்தார்கள். அந்த அம்மாள் கையில் ஜாக்கெட் துணி இருந்தது. இங்கே நன்றாகத் தைப்பார்கள் என்று சொன்னார்கள், எட்டயபுரம் ரோட்டில் போகிற வழியில் வந்தோம் என்றாள். கூட வந்தவர் தம்பியாம், பைக் ஓட்டிக்கொண்டு வந்தாராம். கன்னங்கரேலென்று, சீவி வைத்த மாதிரி அவருக்கு ஒரு மீசை. வாசலில் அவர் கழற்றிப்போட்டது பழுப்புச் செருப்பு, ஒரு வாரில் தையல் போட்டிருந்தது.

எனக்கு அப்போதே உறுத்தியது. அத்தை தைப்பது டவுசர். எந்த ஊரில் யார் சொன்னார்கள் இவள் ஜாக்கெட் தைப்பாள் என்று? அப்படியே தைக்கக் கொடுக்க வந்தவள் அளவு ஜாக்கெட் கொண்டுவர வேண்டாமா? அத்தை அதைத்தான் கேட்டாள். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, மறந்துட்டேன் என்று சிரித்தாள். அதன் பிறகு துணியை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அத்தையைத்தான் பார்த்தாள். மேல் அலமாரியில் இருக்கிற நூல் என்ன நிறம், எடுத்துக் காட்டு என்றாள். அத்தை எழுந்து நடந்துபோய் எடுத்துவந்தாள். அந்த ஆள் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். எந்தெந்தக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது என்று பார்ப்பதாக நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வந்தவர்களுக்கு ஒரே செம்பில், பாதிக்கு ஊற்றிக் கொடுப்போம். எல்லாரும் அண்ணாந்து குடித்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டுவார்கள். எச்சில் படாது, கழுவத் தண்ணீர் செலவாகாது. அந்த அம்மாள் குடித்தாள். அவர் மட்டும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கரிசல் வெயிலில் பைக்கில் வந்தவர், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, தண்ணீர் வேண்டாமாம். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். மூக்குக்குக் கீழே மட்டும் அந்தக் கைக்குட்டை வரவே இல்லை.

அவர்கள் போனதும் வாசலுக்கு ஓடி, மண்ணில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு, சோலியப் பாரு என்றாள். அது எதிர்பார்த்ததுதான், கீரிப்பிள்ளைக்கும் அதுதானே நடந்தது. அத்தையிடம் போனேன். அவர்கள் திருடர்கள், அந்த ஆளுக்கு ஒட்டுமீசை, தண்ணீர் பட்டால் கழன்றுவிடும், அதனால்தான் குடிக்கவில்லை என்றேன். அத்தை சிரித்தாள். வேர்வையைத் துடைக்கும்போதுகூட மீசையை விட்டுவிட்டுத்தான் துடைத்தான் என்று சொன்னதும் மிஷின் நின்றது.

"நல்லாப் பாத்தியா ஏட்டி?"

"பாத்தேன் அத்தை. மூக்குக்குக் கீழ போகவே இல்ல."

அத்தை ஊசிக்கு அடியிலிருந்து டவுசரை எடுத்து மடியில் வைத்தாள். அப்புறம், உன் கீரிப்பிள்ளையாக இருந்தால் இப்போது என்ன செய்யும் என்று கேட்டாள். நரி திரும்ப வரும்வரை காத்திருக்கும், வந்ததும் தண்ணீரைக் காட்டும் என்றேன். அத்தை "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

நரி திரும்ப வந்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், பெரியப்பாவே முன்னால் நின்று அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் இந்தத் தடவை பட்டுச்சேலையில் இருந்தாள். அந்த ஆள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூட இரண்டு பெரியவர்கள், ஒரு தட்டில் பழமும் பூவும். சந்தேகமே இல்லை, இது இரண்டாவது வேடம். வாசலில் போய்ப் பார்த்தேன். அதே பழுப்புச் செருப்பு, அதே தையல் போட்ட வார். உள்ளே அப்பா நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஜாக்கெட் தைக்க வந்தவர்கள்தான் இவர்கள் என்று அம்மா காதில் சொன்னேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

நல்ல நேரம் பார்த்து கரண்ட்டும் போய்விட்டது. எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. நான் அடுப்படிக்கு ஓடினேன். அத்தை அங்கே பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நின்றாள். அவளைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. அவள் கண்ணும் அழுத கண் மாதிரிதான் இருந்தது. நரி வந்துவிட்டது என்றேன். தெரியும் என்றாள்.

குடத்தைச் சாய்த்து அவள் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். பாதிக்கு வந்ததும் நிறுத்தவில்லை. கழுத்து வரை வந்தது, விளிம்புக்கு வந்தது. ஒரு சொட்டு கூடினால் வழிந்துவிடும். அவ்வளவு தண்ணீரை ஒரே செம்பில் எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. தம்ளர் எடுக்கவா என்றேன். வேண்டாம் என்றாள்.

"அவியகிட்டதான் மொதல்ல குடுக்கணும். சிந்தாமப் போ."

இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நடந்தேன். நேராக அந்த மீசைக்காரர் முன்னால் போய் நீட்டினேன். வேண்டாம்மா என்றார். நான் கையை மடக்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். பெண் வீட்டில் முதன்முதலாக ஒரு பிள்ளை நீட்டுகிற தண்ணீரை வேண்டாம் என்றால் அது நன்றாக இருக்காது. பிள்ளை ஆசையாக நீட்டுகிறது, ஒரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பெரியப்பாவே சொல்லிவிட்டார்.

அவர் செம்பை வாங்கினார். வாய் வைத்துக் குடிக்க முடியாது, அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள். அண்ணாந்தார். முட்ட முட்ட நிறைந்த செம்பைச் சாய்த்தால் என்ன ஆகுமோ அது ஆனது. தண்ணீர் மூக்கிலும் மீசையிலும் கொட்டியது. அவருக்குப் புரையேறியது. குனிந்து இருமியபோது கறுப்பாக ஒரு கோடு வாயோரமாக இறங்கி, தாடையில் ஓடி, வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவசரத்தில் புறங்கையால் துடைத்தார். கை கறுத்தது. மீசை நரைத்துக் கிடந்தது.

எனக்குப் பெரிய ஏமாற்றம். மீசை கழன்று விழவில்லை. நிறம்தான் மாறியிருந்தது. இப்படி ஒன்று எந்தக் கார்ட்டூனிலும் வந்ததில்லை. எல்லாரையும் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். சின்ன வயதிலேயே நரைத்துவிட்டது, பித்த உடம்பு என்றாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார்.

"தம்பிக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?"

அப்பா அதுவரை கேட்காத கேள்வி அது. முப்பத்திரண்டு என்று பெரியப்பா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது பெரியப்பா சுவரைப் பார்த்தார். அந்த அம்மாள் பெரியப்பாவைப் பார்த்தாள். அந்த ஆள் தன் சட்டையிலிருந்த கறையைத் தேய்த்துத் தேய்த்து இன்னும் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். காபித் தட்டோடு அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்ற அத்தையின் கால்விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அந்தக் கால்கள் திரையைத் தாண்டி வரவே இல்லை.

"போயிட்டுத் தகவல் சொல்லுதோம்" என்று அவர்கள் எழுந்தார்கள். மறுபடியும் வருவேன் என்று நரி சொல்வதாகவே நான் எடுத்துக்கொண்டேன். பல நாள் வாசலில் செருப்பைப் பார்த்துக் காத்திருந்தேன். அவர்கள் வரவில்லை, பெரியப்பாவும் ரொம்ப நாள் வரவில்லை.

இதையெல்லாம் விளங்கிக்கொள்ள எனக்கே கல்யாணப் பேச்சு எடுக்கிற வயது வரவேண்டியிருந்தது. ஆம்பளைக்கு வயசு ஒரு குறையா என்று எங்கள் அப்பா எத்தனையோ வீட்டுப் பஞ்சாயத்தில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்த ஆளுக்கு வயது அதிகம் என்று அத்தை வாயால் சொல்லியிருந்தால் அப்பா அதைத்தான் சொல்லியிருப்பார், கல்யாணமும் நடந்திருக்கும். ஆனால் நாலு பேர் முன்னால், சொந்த அண்ணனே தன்னை ஏமாற்றியதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. அப்பாவை அத்தை அந்த அளவுக்கு அறிந்திருந்தாள். அவளைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தில், அவள் சொல்லாமலே சொன்ன பதில் அந்தச் செம்பு. அப்பா, அம்மா, பெரியப்பா, வந்தவர்கள் என்று வீட்டில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்ட நான், பக்கத்திலேயே உட்கார்ந்து டவுசர் தைத்தவளைச் சந்தேகப்படவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே அவள் மேல் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது.

அவர்கள் வந்துபோன மறுநாள் மத்தியானம் வழக்கம் போலக் கார்ட்டூன் ஆரம்பித்தது. அத்தை காக்கித் துணியோடு மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சிந்தின தண்ணீருக்காக அம்மாவிடம் நான் வாங்கிய வசவு இன்னும் ஓயவில்லை. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, நாம் போட்ட திட்டம் வீணாகிவிட்டது, மீசை விழவே இல்லை என்று அத்தையிடம் முறையிட்டேன்.

அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நாலைந்து நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"விழுந்துட்டு ஏட்டி," என்றாள்.

நான் உடனே எழுந்து போய் அந்த ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் தேடினேன். பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். துணிக்கட்டை நகர்த்திப் பார்த்தேன். காக்கி நூல்துண்டுகள்தான் கிடந்தன. அம்மா பெருக்கித் தள்ளியிருப்பாளோ என்று வாசலுக்கும் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.