புன்னைக்காயல் முகத்துவாரத்தில் மூழ்கிழை

காலை எட்டரை மணிக்குப் புன்னைக்காயலில் இறங்கினேன். தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர் வரை பேருந்து. அங்கிருந்து ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். தாமிரபரணி கடலில் கலக்கும் இந்தக் கத்தோலிக்க மீனவர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எவரும் தொழிலுக்குப் போவதில்லை. வலைகள் கரையில் காய, ஆறு வெறுமையாகக் கிடந்தது. எனக்கு வேண்டியதும் அதுவே. இறகு கட்டிய கொக்கியை நீரோட்டத்தின் குறுக்கே எறிந்து, அது ஓட்டத்தோடு வில்போல் வளைந்து வந்து கரையோரம் ஒதுங்கும்வரை விடுவது என் முறை. குறுக்கே வலை இருந்தால் அது நடவாது.

படகுக்காரர் மிக்கேல் பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு வந்தார். கொக்கியிலிருந்த கோழியிறகைப் பார்த்துச் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை மீன் பிடிச்சா ஊரு என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிரும். நீரு பிடிக்கமாட்டீருன்னு நம்பித்தாம்வே படகு தாரேன்."

"பிடிச்சிட்டா, அண்ணாச்சி?"

"கோழி றெக்கைக்கு வாரதுக்குக் கொடுவா என்ன கோட்டிக்கார மீனா?"

அந்தச் சிரிப்புக்கு நான் தலைவணங்குவதாக இல்லை. இறால் கோத்து எறிவது மட்டுமே மீன்பிடிப்பு என்று எந்த ஆறும் விதித்ததில்லை.

தூண்டில் கயிற்றுக்கும் கொக்கிக்கும் இடையே கட்டும் மூழ்கிழையில்தான் இம்முறையின் உயிர் இருக்கிறது. எடை கூடிய இழை இறகை விரைந்து ஆழத்துக்கு இழுக்கும். எடை குறைந்தது மெல்ல இறக்கும். கொடுவா அடியில் கிடக்கும் என்று தூத்துக்குடித் தூண்டில் கடையில் சொன்னதை நம்பி, படகு ஆற்றுக்குள் போனதும் எடை கூடியதையே முதலில் கட்டினேன். கடலேற்றம் முடிந்து நீர் அப்போதுதான் வற்றத் தொடங்கியிருந்தது, ஓட்டம் மந்தம். இறகு வளைந்து வராமல் நேரே சேற்றில் இறங்கிற்று. முதலில் பாசி வந்தது. அடுத்து ஒரு சிப்பி ஓடு.

"முத்து இருக்கான்னு பாரும்வே," என்றார் மிக்கேல். "திருப்பட்டுமா? வீட்டுல கறி ஆறிப்போவும்."

"இழைதான் தப்பு. இறகு தப்பில்ல. இன்னும் ஒரு வீச்சு."

மெல்ல மூழ்கும் இழையை மாற்றிக் கட்டி, அலையாத்திப் புதர்களின் ஓரமாக எறிந்தேன். கொடுவா அடியில் கிடந்தாலும் அதன் கண் மேலேதான் பார்க்கும். இம்முறை இறகு சேற்றைத் தொடாமல் அதற்குச் சற்று மேலாகவே வளைந்து வந்தது. வளைவு முடிந்து அது ஒரு கணம் நின்ற இடத்தில், கயிறு விண்ணென்று இறுகிற்று.

மிக்கேல் எழுந்தே விட்டார். "ஏலே, விட்டுராத! கயித்தைத் தளத்தாதலே!" மரியாதை காற்றோடு போயிற்று.

முழங்கை நீளக் கொடுவா படகோரம் வந்து புரண்டது.

"இது மீனா இல்லையா, அண்ணாச்சி?"

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். கோயில் வாசலில் ஆட்கள் நின்றிருந்தனர்.

"மீனுதாம்வே. சத்தங்காட்டாம ஆத்துல விடும்."

கொக்கியைக் கழற்றி மீனை ஆற்றில் விட்டேன். விடுவதற்கென்றே வந்தவன்தான் நான். ஆயினும் 'மீனுதான்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேளாமல் விட்டிருக்க மாட்டேன்.

கரையேறியதும், அடுத்த ஞாயிற்றுக்கும் படகு வேண்டுமென்றேன்.

"ஞாயித்துக்கிழமை உமக்குப் படகே கிடையாது," என்றார் மிக்கேல். "தொழிலுக்கு வாரதுன்னா எல்லாரையும் போலத் திங்கக்கிழமை வாரும்."