சீர்த்தட்டில் ஒரு பேட்டரி

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு, கோட்டாறில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறவன் நான். துவரம்பருப்பு, சீரகம், வத்தல் என்று துண்டுத்தாளில் எழுதிப் பழகிய கை. நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற ஒரே தைரியத்தில் துணிந்துவிட்டேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகளைக் கொட்டாரம் என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்குக் கடன் வாங்கி ஒரு காரும் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்கவில்லை. "நாங்க ஒண்ணும் கேக்கல்ல, உங்க மகளுக்கு நீங்க செய்யது" என்றுதான் சொன்னார்கள். கேட்காதவர்கள் நிறத்தை மட்டும் சொல்லியிருந்தார்கள். வெள்ளை.

அந்தக் காரின் சாவியைப் பார்த்தால் சாவி என்றே தோன்றாது. பாதி தேய்ந்த சோப்புக்கட்டி போலக் கறுப்பாக இருக்கும். பொத்தானை அமுக்கினால் கார் 'கீக்' என்று பதில் சொல்லிக் கதவைத் திறக்கும். கல்யாணம் முடிந்து ஓர் ஆண்டு திரும்புவதற்குள் அது பதில் சொல்வதை நிறுத்திவிட்டது.

அதே வாரம்தான் மகளுக்கு நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். மருமகள் வேலைக்குப் போவதில் சம்பந்திக்கு இஷ்டமில்லை. ஆனால் அதை வெளியே சொல்வது கௌரவமான குடும்பத்துக்குக் குறைச்சல். ஆகவே, "தாராளமா போட்டும். ஆனா எங்க வீட்டு மருமக பஸ்ஸில தொங்கிட்டுப் போகப்படாது. காரில போட்டும்" என்று சொல்லியிருந்தார். கார் ஊமையானதும் அவருக்கு வேறு காரணம் தேடும் வேலை மிச்சமாயிற்று.

இரண்டாவது சாவி ஒன்று உண்டு. அது மகளின் நகைகளோடு பேங்க் லாக்கரில் பத்திரமாக இருந்தது. லாக்கரைத் திறக்க நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றார் சம்பந்தி.

இந்தச் செய்தி எனக்கு நேராக வரவில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சுக்கு உரியவர் என் அத்தான், அக்காவின் கணவர். ஆரல்வாய்மொழிக்காரர். அந்த ஊர்க் காற்றை மிஞ்சிப் பேசிப் பழகியதாலோ என்னவோ, அவர் போனில் பேசினால் போன் தேவையில்லை. கல்யாணம் பேசியதும் அவர்தான்.

"வோய், கேட்டேரா? சாவியில பேட்டரி தீந்துட்டாம். குடுத்தவங்கதான் மாத்தணுமாம்."

"அது ஒரு சின்ன வில்லைதானே அத்தான். அவங்களே மாத்திக்கிடலாமே."

"அவங்க தொறந்து வேற ஏதாம் ஆச்சுன்னா, நீங்க தொறந்ததாலதான்னு நாம சொல்லிருவோமாம். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா!"

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"யப்பா, நீங்க வரப்படாது. இன்னைக்கு பேட்டரிக்கு வந்தா, நாளைக்கு டயருக்கு காத்தடிக்கவும் நீங்கதான் வரணும்."

"திங்கக்கிழமை வேலைல சேரணும்லா மக்கா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் கடைக்கு எதிரே உள்ள வாட்ச் கடையில் பேட்டரி கேட்டேன். நம்பர் என்ன என்றார் கடைக்காரர். சாவியைத் திறந்தால்தான் நம்பர் தெரியும்; பேட்டரி கொண்டுபோனால்தான் சாவியைத் திறக்கலாம். கார் சாவிக்குப் போடும் எல்லா அளவிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டேன்.

மகள் வீட்டுக்கு வெறும் பேட்டரியோடு போவதா என்றாள் என் மனைவி. ஒரு மட்டிப்பழக் குலையும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் சேர்ந்தன. வெற்றிலை பாக்கு இல்லாமல் அது என்ன தட்டு என்றார் அத்தான். பேட்டரி அட்டைகளை நடுவில் வைத்து, மனைவி ஒவ்வொன்றிலும் குங்குமம் தொட்டு வைத்தாள். மூன்று பேராகப் போகக்கூடாது என்று அக்காவும் சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்பே வாடகைக் காரில் புறப்பட்டோம். அந்த டிரைவர் தட்டைப் பார்த்துவிட்டு, "வளைகாப்பா?" என்று கேட்டார்.

சம்பந்தி வாசலுக்கு வந்து வரவேற்றார். காப்பி வந்தது. மழையைப் பற்றியும் தேங்காயைப் பற்றியும் பேசினோம். சாவியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. காப்பி முடிந்ததும் தட்டைக் கொடுத்தோம். சம்பந்தி இரண்டு கையாலும் வாங்கி, குலையை ஒரு நோட்டம் பார்த்து, பிறகு அலமாரியிலிருந்து சாவியை எடுத்து அதே தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளை இன்ஜினியர்லா. அவரு மாத்தட்டுமே" என்றார் அத்தான்.

"அவன் படிச்சது கம்ப்யூட்டர். இது நீங்க குடுத்த சாதனம்" என்றார் சம்பந்தி.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அடுக்களை வாசலில் நின்றாள்.

நான் சாவியை எடுத்தேன். பக்கவாட்டில் இழுத்தபோது உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவி உருவிக்கொண்டு வந்தது.

"இதுலயே கதவத் தொறக்கலாம் போலிருக்கே!" என்றார் அத்தான்.

"தொறக்கலாம். தொறந்தா வண்டி அலறும். கொட்டாரமே வந்து கூடிரும்" என்றார் சம்பந்தி.

அந்த இடுக்கில் ஒரு நாணயத்தைக் கொடுத்துத் திருகினேன். மூடி பிளந்தது. உள்ளே இருந்த பேட்டரி பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. தலைகீழாகவும் இருந்தது. கடையில் டார்ச் செல் விற்கிறவனுக்குக் கூட்டல் குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதாவது தெரியும்.

நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் காது சிவந்திருந்தது. மகள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் எனக்குப் புரிந்தது. அவள் திங்கட்கிழமை போகட்டும் என்று, மனுஷன் அப்பாவுக்குத் தெரியாமல் தானே பேட்டரி வாங்கி மாற்றிப் பார்த்திருக்கிறார். திருப்பிப் போட்டுவிட்டார். கார் பேசவில்லை. அதைச் சொல்ல வாயும் வரவில்லை. நானும் அப்படிப்பட்ட ஆள்தான் என்பதால் சட்டென்று விளங்கிவிட்டது.

"என்ன வோய், உள்ள என்ன தெரியுது?" அத்தான் கழுத்தை நீட்டினார். நகைப் பேச்சில் சம்பந்தியிடம் விட்டுக்கொடுத்ததை இன்றுவரை மறக்காதவர். விஷயம் தெரிந்தால் அடுத்த பொங்கல்வரை அதை வைத்தே பேசுவார். அவர் பேசிவிட்டு ஆரல்வாய்மொழிக்குப் போய்விடுவார். இந்த வீட்டில் இருக்கப்போவது என் மகள்.

"தீந்து போச்சு. பழசு" என்றேன். சொல்லிவிட்டு அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தட்டிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்து, குங்குமத்தைத் துடைத்து, அட்டையைப் பிரித்து, சரியான பக்கமாக வைத்து மூடி அமுக்கினேன். ஷெட்டில் கார் 'கீக்' என்றது.

"பாத்தேளா! குடுத்த கை பட்டாத்தான் சரியாவும்" என்றார் சம்பந்தி.

"பின்ன! எங்க சாதனம்லா!" என்றார் அத்தான். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு சிரித்தார்கள்.

பிறகு சம்பந்தி ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இருந்தாலும் ஒரு தடவ மக்கர் பண்ணின வண்டி. இத நம்பி பிள்ளைய அனுப்ப முடியுமா? வேலை எங்க போவுது? அடுத்த வருசம் பாப்போம்."

அத்தானுக்கு இதில் முறைப்படி பேச ஒன்றும் இருக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் தட்டில் மிச்சமிருந்த அட்டைகளை எண்ணினேன்.

"அவ நாளைக்குப் போவாப்பா" என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளை.

"ஏலே, வழியில நின்னுட்டா?"

"நிக்காது. பேட்டரி புதுசு." என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நின்னாலும் நான் போயி மாத்திருவேன்."

"ஒனக்கு மாத்தத் தெரியுமால?"

"மாமா மாத்துகத இப்பம் பாத்தேன்லா."

விருந்தாளிகள் முன்னால் மகனை அதட்டுவது முறையில்லை. சம்பந்தி வாயில் இருந்த முந்திரிக்கொத்தை வெகுநேரம் மென்றார். "எல்லாம் உங்க இஷ்டம்" என்றார் கடைசியில். மாப்பிள்ளை எழுந்து வந்து என் கையிலிருந்த சாவியை வாங்கி மகளிடம் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் அத்தான், தான் பேசி முடித்த விதத்தை டிரைவருக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மகள் காரை ஓட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்ந்தாள். எனக்குக் கடையில் கொத்துமல்லி மூடை வந்திருந்தது. இறக்கி அடுக்கினேன்.