கடலுக்குத் தப்பிய பத்திரம்

சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அடம்பனில் போட்டோக் கொப்பிக் கடையில் வேலை செய்கிற ஒருத்தி இப்படிச் சொன்னால், மீன் விற்கிறவள் வெடுக்கு நாற்றம் பிடிக்காது என்றது போலத்தான் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வாசத்தை நான் முதன்முதலில் அறிந்தது பத்து வயதில், தமிழ்நாட்டில் நாங்கள் இருந்த அகதி முகாமுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில். சண்டை முடிந்து நெடுநாளாகியும் முறையாக ஊருக்கு அனுப்பும் வரிசையில் எங்கள் பெயர் வராததால், அப்பா பொறுமை இழந்து ஒரு படகுக்காரனோடு பேசி முடித்திருந்தார். அன்றிரவு படகு. அம்மாவுக்கு எங்கள் உயிரைவிடப் பெரிய பயம், அக்காவினதும் என்னுடையதும் பிறப்புப் பத்திரங்கள் கடல் தண்ணீரில் ஊறிப் போய்விடுமே என்பது. நாங்கள் இருவரும் முகாமில் பிறந்தவர்கள். இந்த உலகத்தில் நாங்கள் பிறந்தோம் என்பதற்கு அந்த இரண்டு காகிதங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கடைக்காரர் முதலில் அக்காவின் பத்திரத்தை எடுத்து 'லேமினேஷன்' எந்திரத்துக்குள் விட்டார். அது மறுபக்கத்தால் கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு வெளியே வந்ததும், பொறாமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்தது என்னுடையது. அதை எடுத்து வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. நாளைக்கு வரச் சொன்னார் அவர். நாளைக்கு நாங்கள் அங்கே இருக்கப்போவதில்லை என்று அம்மாவால் சொல்ல முடியுமா என்ன? என் பத்திரத்தை ஒரு 'சொப்பிங் பை'யில் சுற்றி, சட்டைக்குள் சொருகிக்கொண்டு, வழி முழுக்க அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே அம்மா கடலைக் கடந்தார். அப்படியும் உப்புத்தண்ணீர் புகுந்து ஒரு மூலை மஞ்சளாகிக் கறை பிடித்துப் போனது. அக்காவினதில் ஒரு சொட்டு ஈரமில்லை. மூத்தவளுடையதையாவது மாதா காப்பாற்றினாள் என்று, சைவக் கோயில் கும்பிடுகிற அம்மாவும் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தார்.

அப்பாவின் ஊரான பாப்பாமோட்டைக்கு வந்து, ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு, எங்கள் பிறப்பை இந்த நாட்டில் பதிய அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். அக்காவுக்குப் பதினைந்து வயது. கணக்கில் புலி. அடுத்த வருடம் ஓ.எல். சோதனை. அடையாள அட்டை இல்லாதவளைப் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்று வகுப்பு ரீச்சர் இப்போதே சொல்லிவிட்டிருந்தார். கந்தோரில் இருந்தவர் என் கறைபிடித்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கறைக்குப் பக்கத்திலேயே சீல் குத்தி விண்ணப்பத்தோடு சேர்த்துக்கொண்டார். அக்காவினதைக் கையில் எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது.

"லமினேட் பண்ணினதுக்கு மேல எங்க சீல் குத்துறது? இதைக் கழட்டிக்கொண்டு வாங்கோ."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. சிரட்டைக்கரி ஸ்திரிக்கைப்பெட்டியின் சூட்டைக் காட்டினால் பிளாஸ்டிக் இளகும் என்று யாரோ சொல்ல, அப்பா பக்கத்து வளவில் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். பத்திரத்தைப் பாயில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, மெல்ல மெல்லத் தேய்த்தார். மூலையைக் கிளப்ப மெல்லிய விரல் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா வேண்டாம், விடுங்கோ என்று இரண்டு தரம் சொன்னாள். நான் இழுத்தேன். காகிதத்தின் மேல்தோல் அப்படியே பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்தது. அக்காவின் பெயர், பிறந்த நாள், அப்பா பெயர், எல்லாம் பிளாஸ்டிக்கில் இடம் வலம் மாறிக் கிடந்தன. பாயில் மிஞ்சியது பஞ்சு போலப் பிசிறிய வெள்ளைக் காகிதம். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதுப் பத்திரம் கேட்டு முகாமுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பிப் பார்த்தோம். சொல்லாமல் ஓடிப்போன குடும்பம் என்று எங்கள் பெயரையே பதிவிலிருந்து வெட்டியிருந்தார்கள். பெற்றவர்கள் நேரில் வந்து கேட்கட்டும் என்று பதில் வந்தது. எங்களோடு அதே படகில் வந்த பள்ளிமுனை ஊர்க் குடும்பத்துப் பிள்ளையின் பத்திரமும் எலி கடித்துச் சிதைந்ததுதான். ஆனால் அவர்களுடைய அப்பப்பாவின் ஞானஸ்நானம் மாதா கோயில் புத்தகத்தில் இருந்தது, கந்தோரிலும் அவரை அறிந்தவர்கள் இருந்தார்கள், காரியம் முடிந்தது. எங்கள் அப்பப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்து அடிக்குப் பயந்து இங்கே ஓடிவந்து, ஊரார் வயலில் கூலிக்கு நின்று செத்தவர். அவரை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதவில்லை. ஊரில் அவருக்கும் அப்பாவுக்கும் வைத்த இளக்காரப் பெயர் 'தோட்டக்காட்டார்' என்பதுதான்.

"நீங்கள் தோட்டப்பக்கத்து ஆக்களோ?" என்று கந்தோர்க்காரர் கேட்டார். அப்பா ஓம் என்றார். அதற்குப் பிறகு அந்த மேசையில் எங்கள் காகிதம் ஒவ்வொரு முறையும் அடியில்தான் கிடந்தது. தோட்டத்துக்குக் கூலிகளாய்த் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழி என்பதால், அப்பப்பா இந்த நாட்டவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். தங்கச்சியை முதலே பதிந்தாயிற்றே, அவளுக்குச் சரி என்றால் அக்காவுக்கு ஏன் பிழை என்று கேட்டால், அவளும் அதே தாய்க்குத்தான் பிறந்தாள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். அம்மா எங்கள் இருவரையும் மேசைக்கு முன்னால் தள்ளி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

"முகத்தைப் பாருங்கோ ஐயா. ஒருக்கா நிமிர்ந்து பாருங்கோ."

அவர் நிமிரவில்லை. அப்பா கும்பிட்ட கையைக் கீழே விடாமல், "எந்த நாட்டிலயெண்டாலும் பரவாயில்லை, ஏதோ ஒரு நாட்டில என்ர பிள்ளையை எழுதி விடுங்கோ" என்றார். வெட்கத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோப்பு கொழும்புக்குப் போனதாகச் சொன்னார்கள். ஒருமுறை சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது; வாசிப்பிக்க ஆள் தேடிப் பிடித்தபோது அவர்கள் தந்த தவணை நாள் கடந்திருந்தது. சோதனை தொடங்கிய காலையில் அக்கா வெள்ளைச் சீருடையைப் போட்டு, இரட்டைப்பின்னல் பின்னி, கிணற்றுக்கட்டில் மத்தியானம் வரை இருந்தாள். பிறகு அதைக் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டு, "வளர்ந்தாப் பிறகு உனக்கு அளவாய் வரும்" என்று என்னிடம் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் நான் ஓ.எல். எழுதினேன். "கடலுக்குப் பயந்தனான், கந்தோருக்குப் பயப்பிட மறந்து போனன்" என்று சாகும்வரை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் கொட்டில் இல்லை, அம்மா இல்லை. எழுத்து ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கும் மஞ்சளாகி, அதிலிருந்த பெயர் முற்றாக அழிந்துவிட்டது. பிறப்புப் பத்திரத்தை லமினேட் பண்ணக் கொண்டு வருகிறவர்களைக் கடையில் நான் திட்டித்தான் அனுப்புகிறேன். போன கிழமை அக்கா வந்தாள். மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், பத்திரத்தின் கொப்பி கேட்டிருக்கிறார்கள். நல்ல பத்திரம், தெளிவான எழுத்து, மாசு மறுவில்லை. கோயிலில் ஊரறியத் தாலி கட்டியவள் அக்கா. ஆனால் அட்டை இல்லாதவளின் கல்யாணத்தைப் பதிய மாட்டோம் என்றுவிட்டார்கள். அதனால் 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று இருக்கிறது.

பிள்ளை வெளியே பிஸ்கற் தின்றுகொண்டு நின்றாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஒரு வரியை மட்டும் மறைச்சு எடுக்கேலாதோ?"

முடியாது என்று அவளுக்கும் தெரியும். நான் பத்திரத்தைக் கொப்பி எந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்து மூடினேன். கொப்பி வெளியே வந்தது. ஒரு எழுத்தும் அழியாமல் எல்லா வரியும் விழுந்திருந்தது.